அத்தியாயம் 6: பறவை மறைப்பதைக் கண்டுகொள்வது

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பாத்தா கூண்டுல கீழ கிடக்கு." பறவை வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் கண்ணுக்கு அந்தப் பறவை நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் ஒரே இரவில் வந்து ஒரே இரவில் உயிரைக் கொண்டுபோகும் நோய்கள் குறைவு. பெரும்பாலும் அந்தப் பறவை பல நாளாகவே நோயோடு இருந்திருக்கும், வெளியே காட்டிக்கொண்டிருக்காது.

கூட்டமாக வாழும் சிறு பறவைகளில் எது தளர்ந்து பின்தங்குகிறதோ அதன் மேல்தான் பருந்தின் கண் விழும். அதனால் உடம்புக்கு முடியாவிட்டாலும் முடிந்த மட்டும் நிமிர்ந்து உட்காருவது, தீனி தின்பதுபோல நடந்துகொள்வது, கூட்டத்தோடு சேர்ந்து கத்துவது எல்லாம் அவற்றின் பிறவிக் குணம். ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளியில் பட்ஜெரிகரைக் காப்பாற்றிய அதே குணம், நம் வீட்டுக் கூண்டில் அதற்கு எதிரியாகிவிடுகிறது. உதவ நாம் பக்கத்திலேயே இருந்தும், மறைக்கத் தெம்பில்லாமல் போன பிறகுதான் நமக்கு விஷயம் தெரிகிறது.

இந்த அத்தியாயம் உங்களை மருத்துவர் ஆக்குவதற்காக எழுதப்படவில்லை. நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. மாற்றத்தைக் கண்டுபிடிப்பதும், எவ்வளவு அவசரம் என்று தீர்மானிப்பதும் வளர்ப்பவர் வேலை. அதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. தினமும் அந்தப் பறவையைப் பார்ப்பவர் நீங்கள்தான்.

இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜெரிகர், காக்டெயில், ஆப்பிரிக்க லவ்பேர்ட் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியவை. நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட கிளி கையில் கிடைத்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

நலமான பறவையை முதலில் படியுங்கள்

நோயின் அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, நன்றாக இருக்கும்போது உங்கள் பறவை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பெரிய காரியம். காலையில் எத்தனை மணிக்குக் கத்தத் தொடங்குகிறது? எந்தக் குச்சியில் தூங்குகிறது? தீனி வைத்ததும் பாய்ந்து வருமா, நீங்கள் நகர்ந்த பிறகு வருமா? பகலில் எப்போது கண்ணயர்கிறது? ஒரு வாரம் கவனித்தால் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு நாள்முறை இருப்பது தெரியும். பின்னால் அதிலிருந்து அது விலகும்போதுதான் உங்களுக்கு முதல் எச்சரிக்கை கிடைக்கும். எப்போதும் கடிக்க வரும் பறவை திடீரெனச் சாதுவாகிக் கையில் ஏறி உட்கார்ந்தால் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். எதிர்க்கத் தெம்பில்லாததாலும் அது அப்படி உட்காரலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

கண்ணைவிட நம்பகமான கருவி ஒன்று உண்டு: சமையலறைக்கென்று விற்கும் சிறிய டிஜிட்டல் தராசு. ஒரு கிராம் வித்தியாசத்தைக் காட்டினால் போதும். அதன் மேல் சின்ன டப்பாவையோ குச்சியையோ வைத்து, டப்பாவின் எடையைக் கழித்துவிட்டு, பறவையை அதில் ஏறப் பழக்குங்கள். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், வாரத்துக்கு இரண்டு முறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். சாதாரணமாகப் பட்ஜெரிகர் 30 முதல் 40 கிராம், காக்டெயில் 80 முதல் 110 கிராம், லவ்பேர்ட் 45 முதல் 60 கிராம் இருக்கும். ஆனால் இந்தப் பொது அளவைவிட உங்கள் பறவையின் சொந்த எடைதான் முக்கியம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 35 கிராம் பறவை 3.5 கிராம் குறைந்தால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். மனிதர் இளைத்தால் சட்டை தொளதொளவென்று காட்டிக்கொடுக்கும். பறவையின் இறகு, உள்ளே உடம்பு கரைந்தாலும் வெளியே அதே உருண்டையாகவே காட்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

தராசு இல்லாதபோது நெஞ்சைத் தடவிப் பார்க்கலாம். மார்பின் நடுவே மேலிருந்து கீழாக ஓர் எலும்பு ஓடும். நலமான பறவைக்கு அதன் இரு பக்கமும் சதை மேடிட்டு இருக்கும். எலும்பின் விளிம்பு விரலுக்கு லேசாகத்தான் தட்டுப்படும். அந்த எலும்பு கத்திபோலத் துருத்திக்கொண்டு, இரு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தால் பறவை பல நாளாக இளைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

காலையில் இரண்டு நிமிடம்

கூண்டுக்குப் பக்கத்தில் போகுமுன் தூரத்திலிருந்தே ஒரு முறை பாருங்கள். ஆள் பக்கத்தில் வருவது தெரிந்துவிட்டால் முடியாத பறவையும் நிமிர்ந்து, இறகை ஒடுக்கி, நன்றாக இருப்பதுபோல் நிற்கும். அது உங்களைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

அப்போது கவனிக்க வேண்டியவை இவை. இறகைச் சிலிர்த்து உருண்டையாகக் குறுகி உட்கார்ந்திருக்கிறதா? தூங்கும் நேரமில்லாத நேரத்தில் கண் பாதி மூடியிருக்கிறதா? நலமான பறவை பெரும்பாலும் ஒற்றைக் காலில் நின்று தூங்கும். முடியாத பறவை இரண்டு காலையும் ஊன்றி, இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழியும். எப்போதும் மேல் குச்சியில் இருப்பது கீழ்க் குச்சிக்கு இறங்கிவிட்டதா? கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறதா? தரையில் மேய்வது வேறு. தரையில் குறுகி உட்காருவது அபாய அறிகுறி.

பிறகு தீனிக் கிண்ணம். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. பட்ஜெரிகர் தினையையும் சாமையையும் அலகில் உருட்டி, உமியை உதிர்த்துவிட்டு உள்ளே இருக்கும் மணியை மட்டும் விழுங்கும். உமி கிண்ணத்திலேயே விழும். மேலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். உண்மையில் அது முழுவதும் வெற்று உமியாக இருக்கலாம். தினமும் ஊதிப் பாருங்கள். பழைய தீனி மேல் புதுத் தீனியைக் கொட்டாமல், கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு அளந்து வையுங்கள். அப்போதுதான் எவ்வளவு தின்றது என்று தெரியும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. நோயுற்ற பறவை கிண்ணத்தின் விளிம்பில் நின்று, குனிந்து, கொத்தி, மணியை அலகில் உருட்டும். உடைபடும் சத்தம்கூடக் கேட்கும். "நல்லாத் தின்னுதே" என்று நினைத்து நாம் நகர்ந்துவிடுவோம். ஆனால் அது விழுங்குவதில்லை. கிண்ணத்துக்குள்ளும் அதன் அடியிலும் உமி நீங்கிய வெறும் மணிகள் சிதறிக் கிடந்தால் பறவை தின்பதுபோல நடிக்கிறது என்று அர்த்தம். எச்சத்தின் எண்ணிக்கை குறைவதும், எடை குறைவதும் இதை உறுதிப்படுத்தும்.

மூன்றாவது சத்தம். காலையில் கத்தும் பறவை மௌனமானாலும், குரல் கரகரத்தாலும், பேசிப் பழகிய சொற்களை நிறுத்திவிட்டாலும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்சம் சொல்லும் செய்தி

கூண்டுத் தட்டில் மணலோ மரத்தூளோ போடாமல் வெள்ளைத் தாளை விரித்துத் தினமும் மாற்றுங்கள். பறவை வளர்ப்பில் இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு. பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் உருண்ட, கெட்டியான மலம். அதன் மேல் அல்லது ஓரமாக வெள்ளையாக, சுண்ணாம்புபோல ஒரு பகுதி. இரண்டையும் சுற்றிக் கொஞ்சம் தெளிந்த நீர். சிறுநீரகக் கழிவுதான் அந்த வெள்ளையும் நீரும். பட்ஜெரிகர் நாளொன்றுக்குச் சில பத்து முறை எச்சமிடும். திடீரென்று எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் தீனி உள்ளே போகவில்லை.

நீர் அதிகமாகித் தாள் நனைந்திருந்தால் உடனே கழிச்சல் என்று முடிவுகட்ட வேண்டாம். மலம் உருவம் கெடாமல் இருந்து, சுற்றிலும் நீர் மட்டும் கூடுதலாக இருந்தால், முந்தைய நாள் வெள்ளரியோ தர்ப்பூசணியோ கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். பயத்தாலும் சிறிது நேரம் அப்படி ஆகும். காரணமில்லாமல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பறவை அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ அது நோய். மலமே குழைந்து உருவமில்லாமல் போனால் அதுதான் கழிச்சல். ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருப்பது இதைக் காட்டிக்கொடுக்கும்.

நிறத்தையும் பாருங்கள். பீட்ரூட் கொடுத்தால் எச்சம் சிவப்பாக இருக்கும், அதில் பயமில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ வெளிர்ப்பச்சையாகவோ மாறினால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். தார்போலக் கறுத்திருந்தால் உள்ளே இரத்தக்கசிவு இருக்கலாம். அடர்பச்சையாக, சிறிதாக, ஒட்டும் தன்மையோடு இருந்தால் பறவை பட்டினி கிடக்கிறது. எச்சத்தில் முழு மணிகள் தெரிந்தால் செரிமானம் நடக்கவில்லை. இரவு முழுதும் அடக்கிவைத்து விடியலில் போடும் முதல் எச்சமும், முட்டையிடும் காலத்துப் பெட்டையின் எச்சமும் பெரிதாக இருக்கும், அது இயல்பு.

மூச்சு

நலமான பறவை அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அது மூச்சுவிடுவதே நம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் காற்றை இழுக்கவே அது உழைக்கிறது. பறந்து வந்து உட்கார்ந்த ஓரிரு நிமிடத்தில் அப்படி ஆடுவது சகஜம். ஓய்வாக இருக்கும்போது ஆடினால், மூச்சோடு 'டிக் டிக்' என்றோ கீச்சென்றோ சத்தம் கேட்டால், மூக்குத்துளையில் சளி ஒட்டியிருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்வில் அலகைத் திறந்துகொண்டு மூச்சுவிட்டால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதல்ல. பெரும்பாலான பறவைகளுக்கு நுரையீரலோடு ஒன்பது காற்றுப்பைகள் இணைந்திருக்கின்றன. காற்று நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனை அள்ளிக்கொடுக்கும் இந்த அமைப்பு, நச்சுப் புகையையும் அதே வேகத்தில் உள்ளே அள்ளிக்கொள்கிறது. ஆகவே கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்தி, சிகரெட், கரப்பான் ஸ்ப்ரே, ரூம் ஸ்ப்ரே எதுவும் பறவை இருக்கும் அறையில் கூடாது. இவை எல்லாவற்றையும்விடக் கொடியது நான்ஸ்டிக் பாத்திரம். தோசைக்கல் அடுப்பில் வெறுமனே காய்ந்து சூடு எல்லை மீறினால் அதன் பூச்சிலிருந்து வரும் வாயு, நமக்கு வாசனைகூடத் தெரியாமல், சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். சமையலறையிலோ அதை ஒட்டியோ கூண்டை வைக்காதீர்கள்.

பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்சு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. கையில் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். தலையின் இரு பக்கமும் விரலால் தாங்கி, உடம்பைத் துணியில் தளர்வாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும்.

இறகு, அலகு, கால்

எல்லா இறகு உதிர்வும் நோயல்ல. பழைய இறகு உதிர்ந்து புது இறகு முள்போல முளைக்கும் காலத்தில் பறவை சற்றுச் சோர்ந்தும் சிடுசிடுப்பாகவும் இருக்கும். ஆனால் அப்போது வழுக்கை விழாது. தோல் தெரியும்படி திட்டுத்திட்டாக இறகு போனால், எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். மார்பும் தொடையும் மொட்டையாகி, தலையில் மட்டும் இறகு அழகாக இருந்தால் பறவை தானே பிடுங்கிக்கொள்கிறது. தன் தலை தன் அலகுக்கு எட்டாது. தலையும் பிடரியும் மொட்டையென்றால் ஜோடிப் பறவை பிடுங்கியிருக்கலாம், அல்லது பூச்சியோ கிருமியோ காரணமாக இருக்கலாம்.

உதிர்ந்த இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடினால், அந்த இறகு வளர்ந்துகொண்டிருந்த நாள்களில் பறவை சத்துக்குறைவாலோ நோயாலோ அச்சத்தாலோ அவதிப்பட்டிருக்கிறது. இப்போது அது நன்றாக இருந்தாலும் இறகு அதைப் பதிந்து வைத்திருக்கும்.

அலகுக்கு மேலே மூக்குத்துளைகள் இருக்கும் மூக்குச்சதையைத் தினமும் கவனியுங்கள். பட்ஜெரிகரின் அலகோரம், மூக்குச்சதை, கண்ணைச் சுற்றி, கால் ஆகிய இடங்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்ததுபோல் படிந்து, உற்றுப் பார்த்தால் நுண்ணிய துளைகள் தெரிந்தால் அது சிரங்குப்பூச்சி. தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வாழ்கிறது. தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டினால் எளிதில் குணமாகும். விட்டுவிட்டால் அலகு கோணிப்போகும். வயது வந்த ஆண் பட்ஜெரிகரின் நீல மூக்குச்சதை பழுப்பாக மாறினால் விந்தகத்தில் கட்டி இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலையிலும் முகத்திலும் இறகு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பறவை வாந்தி எடுத்திருக்கிறது. ஜோடிக்கோ கண்ணாடிக்கோ அன்பாகத் தலையை மேலும் கீழும் ஆட்டித் தீனியைக் கக்கி ஊட்டுவது வேறு. வாந்தியில் தலையை இடமும் வலமும் உதறும்; மணிகள் கோழையோடு கூண்டுக் கம்பியெங்கும் தெறித்திருக்கும்.

பாதத்தின் அடியில் சிவந்து வீங்கியிருந்தால் குச்சியைப் பாருங்கள். ஒரே கனமுள்ள பிளாஸ்டிக் குச்சியில் நாள் முழுதும் நின்றால் ஒரே இடத்தில் அழுத்தம் விழும். பூச்சிமருந்து அடிக்காத கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும் கனம் மாறி மாறி இருக்கும்படி வையுங்கள்.

மன அழுத்தம்: உடம்பு சொல்வதற்கு முன் நடத்தை சொல்லும்

பயந்த பறவையும் நோயுற்ற பறவையும் தோற்றத்திலேயே வேறுபடும். பயந்தது இறகை இறுக ஒடுக்கி, ஒல்லியாகி, கழுத்தை நீட்டி விறைத்து நிற்கும். காக்டெயிலின் கொண்டை செங்குத்தாக எழும். கொண்டையைப் பின்னால் படியவைத்துச் சீறினால் கோபம். நோயுற்றது உருண்டையாகி, கழுத்து உள்ளே போய், கண் சொருகியிருக்கும்.

நெடுநாள் அழுத்தம் வேறு விதமாக வெளிப்படும். கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓயாமல் நடப்பது, கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பது, ஆள் போனதும் கூச்சலிடுவது, விளையாட்டுப் பொருளைத் தொடாதது, இறகைப் பிடுங்குவது எல்லாம் அதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் கடந்த இரண்டு வாரத்தில் வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். கூண்டை இடம் மாற்றினீர்களா? ஜன்னலில் காகமோ பூனையோ வருகிறதா? இராத்திரி பதினொரு மணி வரை கூடத்தில் டிவி ஓடுகிறதா? ஜோடி இறந்துவிட்டதா? புதுப் பறவை வந்ததா? விடுமுறைக்கு வந்த குழந்தைகள் கூண்டைத் தட்டுகிறார்களா?

திருத்தம் பெரும்பாலும் எளிது. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால் பறவைக்கு நிம்மதி இல்லை. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தீனியைக் கிண்ணத்தில் மட்டும் வைக்காமல் கீரைக்கட்டாகத் தொங்கவிட்டு, தேடித் தின்னும் வேலை கொடுங்கள். இறகு பிடுங்கும் பறவைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: சலிப்புதான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தோல் நோய், ஈரல் கோளாறு, பூச்சி எல்லாவற்றையும் மருத்துவர் பார்த்து இல்லையென்று சொன்ன பிறகே அதை மன அழுத்தம் எனலாம். எடை குறைந்தால் வெறும் மன அழுத்தம் என்று விட்டுவிடவே கூடாது.

நம் ஊரில் இரண்டு பருவங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று தீபாவளி. வெடிச்சத்தத்தில் இருட்டில் மிரண்டு கூண்டுக்குள் மோதிச் சிறகு உடையும் பறவைகள் உண்டு. காக்டெயில் இதில் மிகவும் பலவீனம். அந்த வாரம் கூண்டைத் தெருப்பக்கம் இல்லாத உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, சின்ன விடிவிளக்கு ஒன்றை எரியவிடுங்கள். மற்றொன்று அக்னி நட்சத்திரம். வேலூரிலும் திருத்தணியிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் பால்கனிக் கூண்டு பறவைக்கு அடுப்பு. இறக்கைகளை உடம்போடு ஒட்டாமல் விரித்துப் பிடித்து, அலகைத் திறந்து இரைத்தால் வெப்பம் தாக்கிவிட்டது. உடனே நிழலுக்கு, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரை இறகிலும் பாதத்திலும் மென்மையாகத் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சில நிமிடங்களில் இரைப்பு அடங்காவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பயப்பட வேண்டாதவை

தூங்குமுன் அலகை அரைப்பது திருப்தியின் அடையாளம். குளித்த பின்னும் தூங்கும்போதும் இறகைச் சிலிர்ப்பது, நாளில் ஓரிரு முறை சளியில்லாமல் தும்முவது, கொட்டாவி விடுவது, ஒரு காலையும் ஒரு இறக்கையையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிப்பது எல்லாம் இயல்பு.

எவ்வளவு அவசரம்?

நாய்க்கோ பூனைக்கோ "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடும் அறிகுறிகள் பலவும் பறவைக்கு இன்றைக்கே பார்க்க வேண்டியவை. சிறு உடம்பில் சேமிப்பு கிடையாது. ஒரு பட்ஜெரிகரின் மொத்த இரத்தமே சுமார் 3 மில்லிலிட்டர்தான்.

இந்த நிமிடமே கிளம்ப வேண்டியவை:
- ஓய்வில் அலகைத் திறந்து மூச்சுவிடுவது, வலிப்பு, நிற்க முடியாமல் விழுவது.
- நிற்காத இரத்தக்கசிவு; பூனை கடித்தது அல்லது பிராண்டியது. காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூனையின் வாய்க்கிருமி ஓரிரு நாளில் கொல்லும்.
- புகை, பூச்சிமருந்து, அவகாடோ, சாக்லேட் போன்ற நச்சு உள்ளே போனது.
- பெட்டை காலை அகட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வயிறு வீங்கி, வாலை உந்தி முக்கிக்கொண்டே இருப்பது. முட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்குள் பார்க்க வேண்டியவை:
- தரையில் குறுகி உட்காருவது, தீனி எடுக்காதது, வாந்தி, கழிச்சல், வால் ஆடும் மூச்சு.
- எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவு.
- கண் வீக்கம், ஒரு கண் மட்டும் மூடியிருப்பது, குரல் போனது.

குறித்துவைத்து இரண்டு மூன்று நாளுக்குள் காட்ட வேண்டியவை:
- அலகில் வெள்ளைப் படிவு, இறகு பிடுங்குதல், பாத வீக்கம், நீடிக்கும் நீர்த்த எச்சம்.

மருத்துவரை அடையும் வரை

முதல் தேவை வெதுவெதுப்பு. பறவையின் இயல்பான உடல்வெப்பம் 40 டிகிரிக்கு மேல். நோயுற்றது தன் சக்தியையெல்லாம் சூட்டைத் தக்கவைக்கவே செலவழிக்கிறது. கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் 30 டிகிரி அளவுக்கு வெப்பம் கிடைக்கும்படி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை வெளியே ஒட்டி வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். வெப்பம் தாக்கிய பறவைக்கு இது கூடாது. குச்சிகளைத் தாழ்த்தி, தீனியையும் தண்ணீரையும் தரைக்குப் பக்கத்தில் வைத்து, மற்றப் பறவைகளிடமிருந்து பிரித்து, அமைதியாக விடுங்கள். நகமோ இறகோ உடைந்து இரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளோர் மாவை வைத்துச் சில நிமிடம் மெதுவாக அழுத்துங்கள்.

செய்யக்கூடாதவையும் முக்கியம். அலகைத் திறந்து தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பிராந்தி, பாராசிட்டமால், நமக்கு எழுதிக்கொடுத்து மிச்சமான மாத்திரை எதுவும் வேண்டாம். கடையில் கொடுக்கும் மஞ்சள் நிற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து வைப்பதிலும் பயனில்லை. முடியாத பறவை குடிப்பதே கொஞ்சம், அதில் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. இறகில் எண்ணெய் தடவினால் இறகு ஒட்டி, குளிரைத் தாங்கும் திறன் போய்விடும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் கூண்டுப் பறவை அனுபவம் இருக்காது. நலமாக இருக்கும்போதே உங்கள் ஊரில் பறவை பார்ப்பவர் யார் என்று விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் கேட்கலாம்.

கிளம்புமுன் கூண்டைக் கழுவாதீர்கள். எச்சம் விழுந்த தாளை அப்படியே மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பறவை மூச்சுவிடுவதையும் உட்கார்ந்திருப்பதையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில், புது ஆள் முன்னால் அது மீண்டும் நிமிர்ந்து நலமாக நடிக்கும். மருத்துவருக்கு அந்த அரை நிமிட வீடியோ பெரிய உதவி. எடை நோட்டு, என்ன தீனி, எத்தனை வயது, எப்போது வாங்கியது, கடைசியாக எப்போது முட்டையிட்டது ஆகியவற்றைச் சொல்லுங்கள். பயணத்தில் கூண்டைப் பருத்தித் துணியால் பாதி மூடுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை

கிளி வகைப் பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் 'சிட்டகோசிஸ்' என்ற நோய் உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியும் இறகுத் தூசியும் மூச்சில் போவதால் பரவும். எச்சத் தாளை லேசாக நனைத்து மடித்து எடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு சுத்தம் செய்து, கையைக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால் வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், சிகிச்சையே அதனால் மாறலாம். புதிதாக வாங்கும் பறவையைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

இந்த அத்தியாயத்தை முடித்ததும் செய்ய வேண்டியவை மூன்று. கூண்டுத் தட்டில் வெள்ளைத் தாளை விரியுங்கள். பறவை பார்க்கும் மருத்துவரின் எண்ணைத் தேடி, வீட்டில் எல்லாருக்கும் தெரியும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். நாளைக் காலை தீனி வைக்குமுன் எடை பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு கையில் இருந்தால்தான் மூன்று கிராம் குறைந்தது உங்களுக்குத் தெரியும். அது தெரிந்த அன்றே கிளம்பினால் பெரும்பாலும் பறவையைக் காப்பாற்ற நேரம் இருக்கும்.